பெயர் சொல்லாமல் எடுத்த முதுகலைப் பட்டம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்கு அது இரட்டைச் செலவு. தகவல் தருபவரின் அடையாளத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று ஒரு கல்லூரி மேடையில் கட்டுரை வாசிக்கப் போய், அதே கட்டுரையில் ஒரு மனிதரை ஊருக்கே காட்டிக்கொடுத்த ஆள் நான். பொன்னாடை போர்த்தி, திரையில் படம் காட்டி, நிதானமாகக் காட்டிக்கொடுத்தேன். கைதட்டலும் வாங்கினேன்.

தனிப்பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதை நீங்கள் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். நானும் படித்ததில்லை. இதை மட்டும் படித்துவிடுங்கள். மற்ற பெரியவர்கள் எல்லாம் தாங்கள் ஜெயித்ததை எழுதுவார்கள், அதில் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

நம் வேலை என்ன என்று உங்களுக்கு இன்னும் யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அடிதடி நடந்த பிறகு ஓடுவது மற்றவர்கள் வேலை. நடப்பதற்கு முன்னால் மோப்பம் பிடித்து மேலே சொல்வது நம் வேலை. அதனால் காக்கிச்சட்டை கிடையாது. ரகசியப் போலீஸ் என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பால்கோவா வாங்கப் போனால் கடைக்காரர் உள்ளே பார்த்து, "ரகசியம் சாருக்குக் கால் கிலோ போடு" என்று குரல் கொடுப்பார். அம்புட்டு ரகசியம்.

ஓய்வுக்குச் சில வருடங்கள் இருக்கும்போது ராஜபாளையத்தில் ஒரு கல்யாணம். என் சகலை வங்கி மேலாளர். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் என்னை அறிமுகப்படுத்தினார்.

"இவிய போலீஸ்ல இருக்காவ. ஆனா தொப்பி கெடையாது, லத்தி கெடையாது. சும்மா அங்கங்க நிப்பாவ."

பக்கத்து இலைக்காரர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். எனக்கு அதற்கு மேல் ரசம் இறங்கவில்லை. அந்த வாரமே கைப்பேசியில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. தேசியப் பாதுகாப்புக் கொள்கையில் முதுகலை, தொலைநிலைக் கல்வி, வார இறுதி வகுப்புகள் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில். தேசம், பாதுகாப்பு, கொள்கை. மூன்று சொல்லும் சகலையின் வாயை அடைக்கும் அளவுக்குப் பெரியவை. சேர்ந்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி தண்ணீர்த் தொட்டி இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். "அங்க மோட்டார் ஓடி தண்ணி வழிஞ்சி தெருவரைக்கும் போயிட்டு. அத மொதல்ல பாதுகாத்துட்டு வாங்க."

வகுப்பில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் இருந்தார். மீதிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், என்னை அங்கிள் என்று கூப்பிட்டார்கள். ஆனால் சொல்லக் கூடாது, எனக்குப் பாடம் பிடித்துப்போனது. இத்தனை காலம் நான் சும்மா செய்துகொண்டிருந்ததற்கெல்லாம் பெயர் இருக்கிறது! நான் டீக்கடையில் நிற்பதற்குப் பெயர் மனிதவழித் தகவல் சேகரிப்பு. அன்று சாயங்காலமே சகலைக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். "அப்படியா, டீக்காசு யாரு குடுத்தா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

படிப்பு தலைக்கு ஏறினால் கை சும்மா இருக்காது. ஒரு மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்பதற்கு நான் அனுப்பிய அறிக்கையில் 'அச்சுறுத்தலின் தன்மை: நடுத்தரம். சம்பந்தப்பட்ட அரசு சாராத் தரப்பினர்: மகளிர் குழு' என்று எழுதினேன். எங்கள் டி.எஸ்.பி. நேரடித் தேர்வில் வந்த பெண், என் மூத்த மகள் வயது. அறிக்கையின் ஓரத்தில் 'கூழ் எல்லோருக்கும் கிடைத்ததா?' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார்.

இதுவரை சிரிப்பு. இனிமேல் அவ்வளவு சிரிப்பில்லை.

இரண்டாம் வருடம் ஆய்வேடு எழுத வேண்டும். நம் தொழிலில் 'நம்பத்தகுந்த வட்டாரம்' என்று எழுதினால் போதும், யாரும் மேலே கேட்கக் கூடாது. அங்கே அப்படி எழுதினால் பேராசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டு, 'யார்? எங்கே? எப்போது?' என்று கேட்டார். தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் அங்கே அது தகவலே இல்லை. சொல்லிவிட்டால் இங்கே நீ போலீஸே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது உங்களுக்கு நன்றாகவே தெரியும். எனக்கு அப்போது மதிப்பெண் தெரிந்தது.

என்னிடம் ஒரு மைக் செட்காரர் இருந்தார். அவர் பெயர் வேண்டாம். ஊரும் வேண்டாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்துகள் உள்ளே நுழையாமல் தாண்டிப் போகும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு. அவர் வீடு இரண்டிலும் சேராமல் ஊர் ஓரத்தில். ஒலிபெருக்கி அனுமதி விஷயமாகப் பார்ப்பது போல நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஆள் கொஞ்சம் பகட்டு. விசேஷ வீடுகளில் மணமகனைவிடப் பளபளப்பான சட்டை போட்டிருப்பார். காசு வாங்க மாட்டார். "போலீசு என்கிட்ட வந்து கேக்குது பாருங்க, அது போதும் சார்" என்பார்.

முந்தைய வருடம் இரண்டு தெருவுக்கும் கோவில் பொங்கல் ஒரே நாளில் வந்தது. அதற்கு முன்னால் ஒருநாள் அவர் டீயைக் குடித்தபடி சாதாரணமாகச் சொன்னார்.

"மேலத்தெருக்காரவிய கொழாய கோயிலப் பாத்துக் கட்டச் சொல்லல சார். கீழத்தெருவப் பாத்துக் கட்டச் சொல்லுதாவ. கீழத்தெருவுக்கு வெளியூரு செட்டு. அந்தப் பயலுக்கும் இதே உத்தரவுதானாம். பாட்டுக் கேக்கவன் கொழாய அடுத்தவன் வீட்டுக்கா திருப்புவான்?"

குழாய் என்றால் அந்தக் கூம்பு ஒலிபெருக்கி. நான் மேலே சொன்னேன். முன்கூட்டியே இரண்டு தெருவையும் கூப்பிட்டுப் பேசி, குழாய்களை அவரவர் கோவிலைப் பார்த்துத் திருப்ப வைத்தார்கள். எறிவதற்கென்று மொட்டைமாடிகளில் ஏற்றி வைத்திருந்த கல்லெல்லாம் பின்னால் ஒரு வீட்டுக் குளியலறைக்குப் போனதாகக் கேள்வி. போலீசுக்கு யார் சொன்னது என்று ஊர் பல நாள் பேசியது. விடை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவரை எந்தத் தெருவும் கூப்பிட்டிருக்காது. கல்லும் அவர் வீட்டுக்குத்தான் வந்திருக்கும்.

இந்தக் கதையைத்தான் நான் ஆய்வேட்டில் நடு அத்தியாயமாக எழுதினேன். அவருக்குத் தகவலாளி 'அ' என்று பெயர் வைத்தேன். 'ஒலி, ஒளி அமைப்பாளர். நடுத்தர வயது. பகட்டான உடை. தன் ஊரில் இத்தொழிலில் உள்ள ஒரே நபர்' என்று எழுதினேன். கீழே ஓர் அடிக்குறிப்பும் போட்டேன்: 'ஆய்வு நெறிமுறைப்படி தகவலாளியின் அடையாளம் மறைக்கப்பட்டுள்ளது.' அந்த அடிக்குறிப்பை எழுதிவிட்டு எனக்கு நானே ஒரு காபி வேறு போட்டுக் கொடுத்துக்கொண்டேன்.

பேராசிரியருக்கு மகா சந்தோஷம். கல்லூரியில் கருத்தரங்கம் வைத்து, அந்த அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். குழாய் திரும்புவதுதான் மோதலின் முன்னெச்சரிக்கைக் குறியீடு என்று நான் சொன்ன இடத்தில் நல்ல கைதட்டல். பிறகு கேள்வி நேரம். கூட்டம் காட்ட ஒரு வகுப்பை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், ஒரு டவுட்டு."

"கேளும்மா."

"அந்தத் தகவலாளி 'அ' இருக்காருல்லா, அவரு மைக் டெஸ்ட் பண்ணும்போது ஹலோன்னு சொல்ல மாட்டாரு. அம்மனப் பாத்து, 'சத்தம் வருதா தாயி'ன்னு கேப்பாரு. அவருதான சார்?"

அரங்கம் சிரித்தது. "ஏட்டி, ஒங்க ஊரா?" என்று பக்கத்துப் பெண் கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. "எங்க பக்கத்து வீட்டு மாமா" என்று இவள் சொன்னதும் கேட்டது.

"அது பொதுவா ஓர் உதாரணம்மா" என்றேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் சொன்ன பொய்களிலேயே மட்டமான பொய் அதுதான். தங்கைகளே, தம்பிகளே, அந்தப் பெண்மேல் எந்தத் தப்பும் இல்லை. விடுகதை போட்டால் விடை சொல்லத்தான் செய்வார்கள். பெயரை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை எல்லாம் சொல்வதற்கு விடுகதை என்றுதான் பெயர்.

மேடையை விட்டு இறங்கினேன். அடுத்த வாரம் அந்த ஊரில் பொங்கல். மேலத்தெருவுக்கு இந்த வருடமும் அவர் செட்டுதான். பேராசிரியர் என் தோளைத் தட்டி, கருத்தரங்கக் கட்டுரைகளை எல்லாம் கல்லூரி இணையதளத்தில் ஏற்றப் போவதாகச் சொன்னார்.

"என்னோடத ஏத்த வேண்டாம் சார்."

"ஏன்? பேரே போடலியே நீங்க."

"போடல. ஆனா ஆள் தெரியுது."

அவர் யோசித்தார். கெட்டவர் இல்லை. "ஏத்தாம விட்றலாம். ஆனா ஆய்வேட்டுல அந்த அத்தியாயம் இருந்தா அதுவும் ஒருநாள் நூலகத்துக்குப் போகும். அத எடுத்துட்டா மிச்சத்துல ஒண்ணும் நிக்காது. இந்த வருசம் பட்டம் கெடைக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதில் யோசிக்க என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். சகலையின் முகம் இருந்தது.

வண்டியை எடுத்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்துச் சொல்லாதே என்று கேட்கலாமா? தகவல் சொன்னது யாரோ ஒரு டீ மாஸ்டர் என்று ஒரு கதையைக் கிளப்பிவிடலாமா? அப்படிச் செய்தால் ஒன்றுமறியாத டீ மாஸ்டர் மாட்டுவார். இரண்டு இடத்தில் நிறுத்தி இரண்டு டீ குடித்தேன், இரண்டையும் பாதியில் வைத்தேன். கடைசியில் வண்டி தானாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, டி.எஸ்.பி. அலுவலகத்துக்குப் போய் நின்றது.

"மேடம், தகவலாளி ஒருவரோட அடையாளம் வெளிப்படக்கூடிய அபாயச் சூழல் ஒண்ணு..."

"மனுசங்க பேசற மாதிரி சொல்லுங்க சார்."

"ஒருத்தர மாட்டிவிட்டுட்டேன் மேடம்."

முழுக்கக் கேட்டார். பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்டப் பேசினீங்களா?"

"இல்ல மேடம்."

"பேசாதீங்க. போலீஸ் வந்து சொல்லாதேன்னு சொன்னாத்தான் அவளுக்கே அது பெரிய விஷயமா தெரியும். அவர்கிட்டப் பேசினீங்களா?"

"இல்ல மேடம். நேரா இங்கதான் வாரேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவருக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியுது. ஏன் சார்?"

உங்களுக்கு அப்படி ஒருநாள் வரும். அன்று உங்கள் வண்டி முதலில் எந்த வாசலில் போய் நிற்கிறது என்று பாருங்கள். என் வண்டி என்னைக் காப்பாற்றக்கூடிய வாசலுக்குப் போயிருந்தது. மாட்டிக்கொண்ட மனிதர் எதிர்த்திசையில் இருந்தார்.

நான் எழுந்தபோது டி.எஸ்.பி. ஒரு யோசனை சொன்னார். கூம்புக் குழாய்க்கு எப்படியும் தடை இருக்கிறது, நாம்தான் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். பொங்கல் அன்று ஊர் பார்க்க அந்தக் குழாயைப் பறிமுதல் செய்தால், போலீஸ் பறித்துக்கொண்டு போன ஆளைப் போலீசின் ஆள் என்று யார் நம்புவார்கள்? "ஆனா அவரு சம்மதிச்சாத்தான். அவருக்குத் தெரியாம நடிச்சீங்கன்னா அது ரெண்டாவது துரோகம்."

மைக் செட்காரர் தன் கொட்டகையில் ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துப் போட்டு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கை நின்றது. புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எந்தப் புள்ள? பக்கத்து வீட்டுதா?"

"ஆமா."

"அவ நல்ல புள்ள. ஆனா அவ ஆத்தா வாயி என் கொழாயவிடப் பெருசு." ஈயக்கோலைக் கீழே வைத்தார். "நான் ஒங்ககிட்டச் சொன்னத இன்னொருத்தர்கிட்டச் சொல்லணும்னு என்ன சார் அவசியம்?"

"பட்டத்துக்கு."

"என்ன பட்டம்?"

"தேசியப் பாதுகாப்புக் கொள்கை."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அவர் சிரித்திருந்தால் தேவலை. "நான் இங்க பொண்டாட்டி புள்ளையோட இருக்கேன் சார். நீங்க மாறுதல் வாங்கிட்டுப் போயிருவீங்க. நான் எங்க போவேன்?" என்றார். பிறகு, "அந்தப் பேப்பர்ல இன்னும் நான் இருக்கேனா?" என்று கேட்டார்.

இருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருந்தேன் அல்லவா. அங்கேயே, அவர் முன்னாலேயே பேராசிரியருக்குப் போன் போட்டு அத்தியாயத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். "இந்த வருசம் கெடைக்காது சார்" என்றார் அவர். சரி என்றேன். மைக் செட்காரர் மறுபடி ஈயக்கோலை எடுத்துக்கொண்டார். அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பறிமுதல் யோசனையைச் சொன்னேன். நிறைய நிபந்தனை போட்டார். ஆம்ப்ளிஃபயரைத் தொடக் கூடாது, ஸ்டேஷனில் எலி கடித்துவிடும். நல்ல குழாய்களோடு உடைந்த பழைய குழாய் இரண்டையும் கட்டி வைப்பார், அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஏச்சு நன்றாக இருக்க வேண்டும், ஆனால் அவர் அம்மாவை இழுக்கக் கூடாது. "பொறவு ஒண்ணு. வேற யாரும் ஏசக் கூடாது. நீங்களே வந்து ஏசணும். காக்கி போட்டுட்டு."

பொங்கல் வருவதற்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஊர்ப் பக்கம் யார் இருமினாலும் காது அங்கே போனது. அன்று மத்தியானம் தனிப்பிரிவுக்கு வருவதற்கு முன்னால் போட்ட காக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினேன். நடுப் பட்டனைப் போட்டுவிட்ட என் மனைவி, "இனிமே மூச்சு மட்டும் விட்றாதீங்க" என்று அனுப்பி வைத்தார்.

ஸ்டேஷன் ஆட்களோடு போய் இறங்கினேன். அவர் கோவில் முன்னால் கையில் மைக்கோடு நின்றிருந்தார். அன்று ரோஸ் நிறச் சட்டை.

"ஏலே, கூம்புக் குழாய் கட்டக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு? ஒவ்வொரு வருசமும் சொல்லணுமோ?" என்று கத்தினேன். எனக்கே பயமாக இல்லை, அவருக்கு எப்படி இருக்கும்.

அவர் மைக்கை அணைக்கவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றா, இன்றுவரை கேட்டதில்லை. அவர் பதில் மிச்சமிருந்த குழாய்களில் ஊர் முழுக்கக் கேட்டது.

"எல்லாம் தெரியும் சார்! ஒமக்குத்தான் ஒரு எழவும் தெரியல! பேரன் எடுக்க வயசுல புஸ்தகப் பைய மாட்டிக்கிட்டுக் காலேஜுக்குப் போறீரே, அங்க இதத்தான் சொல்லிக் குடுத்தாவளா? இல்லாதவன் கொழாயப் புடுங்கணும்னு? வயித்தப் பாரும், சட்ட கதறுது!"

இது எதுவும் பேசி வைத்ததில் இல்லை. அந்த நேரம் பார்த்து நடுப் பட்டன் தெறித்தது. கூட்டம் அப்படிச் சிரித்து நான் எந்தக் கட்சிக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. சத்தம் கேட்டுக் கீழத்தெருக்காரர்களும் ஓடிவந்தார்கள். மேலத்தெருப் பெரியவரும் கீழத்தெருப் பெரியவரும் தோளோடு தோள் நின்று, சாமி காரியத்தில் போலீசுக்கு என்ன வேலை என்று எங்களைக் கேட்டார்கள். உடைந்த குழாய் இரண்டை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தில் அந்த மாணவி நின்றிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு மைக் செட்காரரைப் பார்த்தாள், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் வீட்டில் சொன்னாளா, சொல்லவே இல்லையா, சொல்லி யாரும் நம்பவில்லையா, எனக்குத் தெரியாது. நாம் பார்க்கும் வேலையில் எல்லாவற்றுக்கும் கடைசியில் விடை வரும் என்று நினைக்காதீர்கள். அதன் பிறகு பல மாதம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஊர் வழியாக வண்டியை விட்டேன். அவர் கடைப் பலகை தொங்குகிறதா என்று பார்ப்பேன். தூரத்தில் ஏதாவது கல்யாண வீட்டில் 'சத்தம் வருதா தாயி' என்று கேட்டால்தான் அன்று சோறு இறங்கும். அடுத்த பொங்கலுக்குக் கீழத்தெருவும் வெளியூர் செட்டை விட்டுவிட்டு அவரையே கூப்பிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அதிலும் முழு நிம்மதி வரவில்லை.

பட்டம் வாங்கினேன், ஒரு வருடம் கழித்து. கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து கடலோரப் பாதுகாப்பைப் பற்றி, அச்சில் வந்ததை மட்டும் வைத்து எழுதினேன். அதில் உயிருள்ள மனிதர் ஒருவர்கூட இல்லை. அடுத்த கல்யாணப் பந்தியில் சகலை அறிமுகப்படுத்தினார்: "இவிய எம்.ஏ. படிச்சிட்டாவ. ஆனா இப்பவும் அங்கங்கதான் நிப்பாவ."

ஓய்வு பெற்ற பிறகு, உங்களுக்காக இதை எழுதலாம் என்று தோன்றியது. இந்த முறை புத்தி வந்திருந்தது. எழுதுவதற்கு முன்னால் அவரிடம் போனேன். வேறு எந்த வாசலுக்கும் போகாமல், நேராக அவரிடம்.

"புதுசா வார பிள்ளைகளுக்கு ஒரு பாடமா இருக்கும் அண்ணாச்சி. ஒங்க பேரு போட மாட்டேன். ஊரு போட மாட்டேன். எழுதட்டுமா?"

அவர் கைவேலையை நிறுத்தவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தொழிலையும் மாத்திருங்க சார்."